கார்கிவ் வகுப்பு, கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி வாசலில்

இந்த வலைப்பதிவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உக்ரைனுக்கு மருத்துவம் படிக்கப் போக நினைத்தவர்கள். மீதிப் பேர் அங்கிருந்து பாதியில் ஓடிவந்தவர்கள். கார்கிவ் நகரத்தில் எந்த மெட்ரோவில் ஏறி எங்கே இறங்குவது, விடுதிக்குப் பக்கத்தில் அரிசி எங்கே கிடைக்கும் என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். 2022 மார்ச்சுக்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. இப்போது எழுதுவது எண்பத்தாறு கிலோமீட்டர் பயணம் ஒன்றைப் பற்றி. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை. பாஸ்போர்ட் வேண்டாம்.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒக்ஸானா மேடத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பாதியில் நின்றவர்கள் மீண்டும் சேர விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். "உன் வகுப்புத் தோழன் குணசீலனுக்கு நான்கு முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. அவன் உயிரோடுதானே இருக்கிறான்?" என்று கேட்டிருந்தார். குண்டு விழும் ஊரில் உட்கார்ந்திருப்பவர் பழவேற்காட்டுக்காரன் ஒருவனைப் பற்றி இப்படிக் கேட்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானே அவனோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. குணாவின் மதிப்பெண் கையேடு என்னிடம் இருந்தது. நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் ஆசிரியர் அதில் கையெழுத்துப் போடுவார். போர் தொடங்குவதற்கு முந்தைய நாள், முத்திரை வாங்க எங்கள் குழுவில் என்னையும் சேர்த்து நான்கு பேருடைய கையேடுகளையும் நான்தான் அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். திருப்பிக் கொடுக்க நேரமே கிடைக்கவில்லை. மற்ற இருவருக்கும் பிறகு கூரியரில் அனுப்பினேன். குணா மட்டும் விலாசம் தரவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும்" என்று ஒரு செய்தி போட்டான். அதோடு சரி. பழைய கோப்புகள் பல வேறு ஊருக்கு மாற்றப்பட்டுவிட்டதால், அந்தக் கையேட்டின் பக்கங்கள் கிடைத்தால் சேர்க்கை வேலை சுலபமாக முடியும் என்று மேடம் எழுதியிருந்தார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் பாதி, நேரில் பாதி என்று எப்படியோ படிப்பை முடித்துவிட்டேன். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டேன். மூன்றாவது முறைக்கு மூன்று மாதம் இருந்தது. புத்தகத்தைத் திறந்தால் கால் தானாக நடக்கத் தொடங்கிவிடும். "ஊட்டுக்குள்ளயே எத்தினி கிலோமீட்டரு நடப்ப?" என்று அம்மா கேட்பார். அதனால் குணாவைத் தேடிப் போனது முழுக்க நட்பால் என்று சொல்ல மாட்டேன். எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது.

அவனுடைய பழைய எண் வேலை செய்யவில்லை. அவன் அக்கா மலர்க்கொடியின் எண் கிடைத்தது. "சிப்காட்ல ஏதோ இரும்புக் கம்பெனிமா. ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல கீறான். ஊட்டுக்கு வந்தா யாராண்டயும் பேசறதே இல்ல. நீயாவது பேசிப் பாரேன்" என்றார். கம்பெனியின் பெயர் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை 7.10க்குத் திருவள்ளூரில் புறநகர் ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டி வரை ஒரே டிக்கெட், இருபது ரூபாய். சென்ட்ரல் வரை போக வேண்டாம். பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறலாம். அலுவலக நேரம் என்பதால் ஆவடிக்குப் பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கையேடு பைக்குள் இருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். 8.28க்கு பேசின் பிரிட்ஜ். படியேறி அடுத்த நடைமேடைக்குப் போவதற்குள் கும்மிடிப்பூண்டி வண்டி கிளம்பிவிட்டது. அடுத்தது 9.20. அந்த ஐம்பது நிமிடத்தில் நான் உட்காரவே இல்லை.

அத்திப்பட்டில் வண்டி கால் மணி நேரம் நின்றது. ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டார்களாம். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி என்ன விசேஷம் என்று பின்னூட்டத்தில் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நினைத்துக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கார்கிவ் ஒரு காலத்தில் பெரிய ஊர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து நிலப்பிரபு ஒருவர், நம் ஊருக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மற்ற பிரபுக்களிடமும் வியாபாரிகளிடமும் நன்கொடை கேட்டு அலைந்தார். 1805இல் வகுப்புகள் தொடங்கின. மருத்துவமும் அப்போதே உண்டு. முதலில் வந்த ஆசிரியர்களில் நிறையப் பேர் ஜெர்மானியர்கள், பிரெஞ்சுக்காரர்கள். பாடம் லத்தீனிலும் அவர்கள் மொழிகளிலும் நடந்தது. முதல் வருடம் ரஷ்ய மொழியும் உக்ரைன் மொழியும் புரியாமல் நான் விழித்தபோது, இருநூறு வருடத்துக்கு முன்பு உள்ளூர்ப் பிள்ளைகளே இதே பல்கலைக்கழகத்தில் விழித்திருக்கிறார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

தாவரவியல் தோட்டம், வானாய்வகம், ஊரின் முதல் பத்திரிகைகள் எல்லாம் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் வளர்ந்தன. இடையில் சோவியத் காலத்தில் மருத்துவப் பிரிவைப் பிரித்துத் தனிக் கல்லூரி ஆக்கினார்கள். நாடு தனியான பிறகு பல்கலைக்கழகம் மறுபடி மருத்துவம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை வந்தபோது மொத்தப் பல்கலைக்கழகமும் கஜகஸ்தானுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே கீவ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வகுப்பு நடத்தினார்கள். திரும்பி வந்தபோது ஊர் இடிந்து கிடந்தது. மறுபடி ஆரம்பித்தார்கள். முதல் வருடச் சுற்றுலாவில் இதையெல்லாம் கேட்டபோது நான் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தேன். குணாதான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டான்.

11.05க்குக் கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷனிலிருந்து சிப்காட் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நெடுஞ்சாலையைக் கடந்து போக வேண்டும். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

"எந்தக் கம்பெனி மா?" என்று கேட்டார் ஓட்டுநர். ஐம்பது வயது இருக்கும்.

"பேரு தெரியலண்ணா. இரும்புக் கம்பெனி. ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல வேலை செய்யறவரப் பாக்கணும்."

"இன்னா மா நீ, இங்க பாதி இரும்புக் கம்பெனிதான். பேரே தெரியாம வந்துக்கினு கீற. ஆளு எப்டி இருப்பாரு?"

"உயரமா, ஒல்லியா. பழவேற்காடு. பேரு குணசீலன்."

"அட, நம்ம டாக்டரு தம்பியா? மொதல்லயே சொல்றதில்ல? அவரு ஃபாரின்ல படிச்ச டாக்டராமே, இங்க ஏன் வந்து குந்திகினு கீறாரு?"

முதலில் ஒரு வாசலில் இறக்கிவிட்டார். அது வேறு கம்பெனி. அவரே சிரித்துக்கொண்டு வண்டியைத் திருப்பி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார். 11.40க்குச் சரியான வாசல். உள்ளே விட மாட்டேன் என்றார் காவலாளி. சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை, அதுவரை எதிரே டீக்கடையில் இருங்கள் என்றார். டீ பன்னிரண்டு ரூபாய். இரண்டு குடித்தேன். லாரிகள் கிளப்பிய தூசியில் நாலு அடி இந்தப் பக்கம், நாலு அடி அந்தப் பக்கம் நடந்தேன். பார்த்ததும் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

ஒத்திகை எதற்கும் உதவவில்லை. பன்னிரண்டு அடிக்கும்போது வாசலின் சின்னக் கதவு படாரென்று திறந்தது. ஒடிசாத் தொழிலாளி ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு குணா வேகமாக வெளியே வந்தான். அந்த ஆளின் வலக்கை முழங்கை வரை ஈரத்துணி சுற்றியிருந்தது. சூடான கம்பி பட்டுவிட்டது என்று தண்ணீர்க் கேனோடு பின்னால் வந்தவர் சொன்னார். கம்பெனி வண்டி வெளியே போயிருந்தது. என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் டீ குடித்துக்கொண்டு இன்னும் டீக்கடையிலேயே நின்றிருந்தார். கூப்பிடுவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பினார்.

குணா என்னைப் பார்த்தான். ஒரு வினாடி நின்றான். "ஜெயந்தி, அந்தத் தண்ணி கேனைத் தூக்கிக்கினு ஏறு" என்றான். மூன்றரை வருடத்துக்குப் பிறகு நேரில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அரசு மருத்துவமனை நான்கு கிலோமீட்டர். வழி முழுக்க நான் கேனைச் சாய்க்க, அவன் அந்தக் கைமேல் மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தான். ஆட்டோ தரை முழுக்க வெள்ளம். அந்தத் தொழிலாளி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு "டாக்டர் பாபு, டாக்டர் பாபு" என்று முனகினார். குணா ஒவ்வொரு முறையும் தனக்குத் தெரிந்த இந்தியில் "டாக்டர் நஹி" என்றான். கோபமாக இல்லை. ஆனால் ஒரு முறைகூட விடாமல் சொன்னான்.

மருத்துவமனையில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பணியில் இருந்த மருத்துவர், "தண்ணி ஊத்திக்கினே வந்தீங்களா? நல்லது" என்றார். காயம் ஆழமில்லை, கட்டுப் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து அனுப்புகிறோம் என்றார். குணா கம்பெனிக்குப் போன் செய்து, தான் கூடவே இருந்து அழைத்துவருவதாகச் சொன்னான். ஆட்டோக்காரர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். தரையைத் துடைக்கத் துணி கேட்டார்.

ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகை நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்துதான் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொன்னேன். அவன் அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு வேணாம் ஜெயந்தி."

"ஏன்? நீதான நம்ம குரூப்லயே நல்லாப் படிச்ச?"

"உன்ன ரயில் ஏத்திட்டு நான் திரும்பிப் போனேன் இல்ல, அதான்."

அதை நான் எப்படி மறப்பேன். கார்கிவ் ஸ்டேஷனில் பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றினார்கள். என் முதுகில் கை வைத்து நெரிசலுக்குள் தள்ளிவிட்டது அவன்தான். அதன் பிறகு இரண்டு நாள் அவன் எங்கே இருந்தான் என்று நான் கேட்டதே இல்லை. பல்கலைக்கழகம் என்றே பெயர் வைத்த மெட்ரோ நிலையம் ஒன்று அங்கே உண்டு. எங்கள் பெரிய கட்டடத்துக்கு நேர் கீழே. அங்கே திரும்பிப் போய், குண்டுக்குப் பயந்து பதுங்கியிருந்த கூட்டத்தோடு நடைமேடையில் படுத்திருக்கிறான்.

"ரெண்டாவது நாள் காலைல ஒரு அம்மா. எழுபது வயசு இருக்கும். என் பக்கத்துலதான் குந்திகினு இருந்தாங்க. ரொட்டி குடுத்தாங்க எனக்கு. திடீர்னு சாஞ்சிட்டாங்க. அவுங்க பொண்ணு என் கோட்டுல இருந்த யூனிவர்சிட்டி மெடிக்கல் பேட்ஜைப் பாத்துட்டு, நீ டாக்டரான்னு கேட்டாங்க. நான் ஆமான்னுட்டேன்."

"அந்த நேரத்துல யாரா இருந்தாலும்..."

"இரு, முழுசா கேளு. கூட்டத்துல இன்னொரு பொண்ணு முன்னாடி வந்துச்சி. நர்ஸோ இன்னாவோ, கையில கிட்டு இருந்திச்சி. டாக்டர் இருக்காருன்னு யாரோ சொன்னாங்க. அது அப்டியே பின்னாடி போயிடுச்சி. நான் நாடி பாத்தேன். எனக்குத் துடிக்கிற மாதிரியே இருந்திச்சி. என் வெரல்ல துடிச்சது என்னோட நாடிதான். எவ்ளோ நேரம் அப்டியே புடிச்சிக்கினு இருந்தேன்னு தெரியல. அப்புறந்தான் நெஞ்ச அழுத்த ஆரம்பிச்சேன். போயிட்டாங்க. அவுங்க பொண்ணு எனக்குத் தேங்க்ஸ் சொல்லிச்சி ஜெயந்தி. தேங்க்ஸ்."

நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை தேர்வில் தோற்றவள் என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்? அதனால் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ஒக்ஸானா மேடத்துக்கு வீடியோ அழைப்பு போட்டேன்.

அங்கே காலை பத்தரை தாண்டியிருந்தது. மேடம் எடுத்தவுடன் அவனைப் பார்த்து, "உயிரோடு இருக்கிறாய். சாப்பிட்டாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். பிறகு நான் தடுப்பதற்குள் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்த அம்மா, பேட்ஜ், பின்னால் போன பெண். தான் செய்தது தவறா என்று கேட்டான்.

"நான் கோப்பு பார்ப்பவள். இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. பதினொன்றரைக்கு லாரிசா மேடத்தின் இதயவியல் வகுப்பு இருக்கிறது. இணைப்பு அனுப்புகிறேன். கேள்வியை அங்கே கேள்" என்றார் மேடம். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அவர்களுடைய பதினொன்றரை நம் நேரப்படி இரண்டு மணி, அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று போனோம். எதிரில் இருந்த கடையில் இரண்டு சாம்பார் சாதம், ஆளுக்கு நாற்பது ரூபாய். அவன் பாதிதான் சாப்பிட்டான். கைபேசியைப் பெஞ்சின் மேல் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்து, இயர்போனை ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டோம். திரையில் இருபதுக்கும் மேல் சதுரங்கள். லாரிசா மேடம் முன்பைவிட இளைத்திருந்தார். அதே கண்ணாடி. எங்கள் காலத்தில் அவருக்குப் பயந்து வகுப்புக்கு முன்பே கழிப்பறைக்குப் போய்வருவோம்.

பாடம் முடிந்து கேள்வி நேரம் வந்ததும் குணா எழுந்து நின்றான். வாய்மொழித் தேர்வில் நிற்பதுபோல, கொட்டகைத் தூணுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கேள்வியைக் கேட்டான். மேடம் அனுதாபம் எதுவும் காட்டவில்லை.

"வயது?"

"சுமார் எழுபது."

"சாய்வதற்கு முன் என்ன சொன்னார்?"

"இடது தோள் வலிப்பதாகச் சொன்னார். நான் குளிரால் என்று நினைத்தேன்."

"நாடி பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கலாம்?"

"பத்து வினாடிக்கு மேல் கூடாது."

"நீ எவ்வளவு எடுத்தாய்?"

"ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும்."

"அது தவறு" என்றார் மேடம். "எழுதிக்கொள். சந்தேகம் இருந்தால் நாடியைத் தேடிக்கொண்டிருக்காதே, அழுத்தத் தொடங்கு. அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அதோடு நீ வாழத்தான் வேண்டும், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம். இப்போது சொல். நாளைக்கு ஒருவர் சாய்கிறார். நீ டாக்டரா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வாய்?"

குணா யோசித்தான். "மாணவன் என்று சொல்வேன். நான் தொடங்குகிறேன், வேறு யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் வாருங்கள் என்று சொல்வேன்."

"சரி. உட்கார். உன் பக்கத்தில் இருப்பவள் ஜெயந்திதானே? இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இ.சி.ஜி.யில் முதலில் என்ன மாறும்?"

எனக்கு விடை தெரியும். பத்து முறை படித்தது. வாயில் வரவில்லை. இருபது சதுரங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. "டி அலை" என்று குணா உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தான். "குணசீலன், நான் உன்னைக் கேட்கவில்லை" என்றார் மேடம்.

வகுப்பு முடிந்ததும் அவன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். நெடுநேரம் இல்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஜெராக்ஸ் கடை எங்க கீது?" என்றான். பஜாரில் இருந்தது. பதினான்கு பக்கங்கள், ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்ப எழுபது ரூபாய். விண்ணப்பத்தை அங்கேயே பிரிண்ட் எடுத்து, கடைக்காரரின் பேனாவால் கையெழுத்துப் போட்டான். கையேட்டைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். மூன்றரைக்கு அந்தத் தொழிலாளியைக் கட்டோடு அழைத்துக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பினான். நான் 4.15 வண்டியைப் பிடித்தேன். பொன்னேரிக்குப் பிறகு உட்கார இடம் கிடைத்தது.

ஒன்பது நாள் கழித்து அவனுக்கு அனுமதி வந்தது. நான்காம் வருடத்தின் இரண்டாம் பருவத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். நேரடிப் பயிற்சியை எங்கே, எப்படி முடிப்பது, அது இங்கே செல்லுமா என்பதெல்லாம் இன்னும் தெளிவாகவில்லை. அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சேர்ந்தான். வேலையை விடவில்லை, மதிய வகுப்புக்காகக் காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறான். எனக்கும் கால் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. தினமும் ஒரு மணி நேரம் அவனோடு போனில் கேள்வி பதில். அதையும் நடந்துகொண்டேதான் செய்கிறேன்.

இனி உங்களுக்கு. பாதியில் நின்றவர்களே, முதலில் உங்கள் பழைய பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். திட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். உயிரோடிருக்கிறீர்களா என்றுதான் கேட்பார்கள். கையேடு, சான்றிதழ் எதுவாக இருந்தாலும் இன்றே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். விதிமுறைகளை என்னிடமோ ஏஜெண்ட்டிடமோ கேட்காதீர்கள், மாறிக்கொண்டே இருக்கின்றன. அதிகாரப்பூர்வ அறிவிப்பை நேரடியாகப் படியுங்கள். சிப்காட்டுக்கு யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் கம்பெனியின் பெயரையும் தெருவையும் தெரிந்துகொண்டு போங்கள். பேசின் பிரிட்ஜில் மாற ஐந்து நிமிடம் போதாது, முந்தின வண்டியில் வாருங்கள். தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் யாரிடமாவது பேசாமல் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றால், போனில் தேடிக்கொண்டிருக்காமல் நேரில் போய்விடுங்கள்.

பல்கலைக்கழகத்தின் இன்றைய நிலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு, போன வியாழன் குணா அனுப்பிய குரல் செய்தியை அப்படியே எழுதிவிடுகிறேன். "கிளாஸ் நடுவுல சைரன் அடிச்சிச்சி. மேடம் பேஸ்மெண்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஸ்க்ரீன்ல காலி நாற்காலிதான். நாப்பது நிமிஷம். நைஜீரியாவுல ரெண்டு பேரு, மொராக்கோவுல ஒருத்தன், நம்ம பசங்க எல்லாம் கீறாங்க. யாரும் கட் பண்ணல. அப்புறம் மேடம் வந்து குந்திகினு, கோட்டு கூட கழட்டாம, விட்ட வரியில இருந்து ஆரம்பிச்சாங்க."